முதல் வாரம் 1.9 கிலோ இறங்கியது, நான்காம் வாரம் ஏறிவிட்டது. என்ன தப்பு செய்கிறேன்?

உறையூர்க்காரி | திங்கள், இரவு 10.40

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 41, உயரம் 156 செ.மீ. துணிக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். காலை பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் இரவு எட்டுக்குத்தான் எழுவேன். இரண்டு மாதத்துக்கு முன் ரத்தப் பரிசோதனையில், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி 6.1 என்று வந்தது. சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது, எடையைக் குறையுங்கள் என்றார் டாக்டர். அம்மாவுக்கு 45 வயதில் சர்க்கரை வந்தது. ஆறாத கால் புண்ணோடு அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அதனால் இந்த முறை உறுதியாகத்தான் ஆரம்பித்தேன்.

இரவுச் சோற்றை நிறுத்திவிட்டு இரண்டு சப்பாத்தியும் காய்கறியும் எடுத்துக்கொள்கிறேன். டீயில் சர்க்கரை இல்லை. காலையில் உய்யக்கொண்டான் வாய்க்கால் பக்கமாக 40 நிமிடம் நடை. ஒரு நாள்கூடத் தவறவில்லை.

ஒவ்வொரு திங்கள் காலையும் எடை பார்த்தேன்:

தொடக்கம்: 78.4
முதல் வாரம்: 76.5
இரண்டாம் வாரம்: 76.3
மூன்றாம் வாரம்: 76.6
இன்று, நான்காம் வாரம்: 77.2

முதல் வாரம் பார்த்தபோது எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இப்படியே போனால் தீபாவளிக்குள் 65 என்று மனக்கணக்குப் போட்டேன். இன்று காலை 77.2-ஐப் பார்த்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். "விட்டுடேன், எதுக்கு உடம்பை இப்படி வருத்துறே" என்று வீட்டுக்காரர் அக்கறையோடுதான் சொன்னார். அதுதான் இன்னும் வலித்தது. இதற்கு முன் இரண்டு தடவை முயன்று இதே நான்காம் வாரத்தில்தான் விட்டிருக்கிறேன். மூன்றாவது முறையும் விட மனசு இல்லை. என்ன தப்பு செய்கிறேன் என்று சொல்லுங்கள்.

நாலாம்_மாடி | திங்கள், இரவு 11.15

சகோதரி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான்கு வாரம் ஒரு நாள்கூட விடாமல் நடந்திருக்கிறீர்கள். அது எந்த எண்ணிலும் தெரியாது, ஆனால் அதுதான் கஷ்டமான பகுதி.

சில கேள்விகள். கடைசி மூன்று நாட்கள் என்ன சாப்பிட்டீர்கள்? வெளியூர்ப் பயணம் உண்டா? புதிதாக ஏதாவது உடற்பயிற்சி சேர்த்தீர்களா? எடை மெஷினை எங்கே வைத்திருக்கிறீர்கள்? மாதவிலக்கு நெருங்குகிறதா? கூச்சப்படாமல் பதில் சொல்லுங்கள். இவை தெரியாமல் 77.2 என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

உறையூர்க்காரி | செவ்வாய், காலை 6.05

பதிலுக்கு நன்றி அண்ணா.

சனிக்கிழமை காரைக்குடியில் உறவுக்காரர் கல்யாணம். பந்தியில் சோறு குறைவாகத்தான் போட்டுக்கொண்டேன், ஆனால் வத்தக்குழம்பு, அப்பளம், ஊறுகாய் எல்லாம் இருந்தன. இரவு டிபனும் அங்கேதான். ஞாயிறு பஸ்ஸில் நின்றும் உட்கார்ந்தும் திரும்பினோம். செருப்பைக் கழற்றியபோது வார் பதிந்த தடம் காலில் அப்படியே இருந்தது.

மூன்றாம் வாரத்திலிருந்து கடையில் லிஃப்ட் வேண்டாம் என்று நான்கு மாடியும் படியேறுகிறேன். தொடை இன்னும் வலிக்கிறது.

மாதவிலக்கு நாளை அல்லது நாளை மறுநாள் வரவேண்டும்.

மெஷின் படுக்கையறையில் இருக்கிறது. டைல்ஸ் வழுக்குகிறது என்று போன வாரம் கீழே ஒரு மிதியடி போட்டேன்.

இரவுப்பணி | செவ்வாய், காலை 9.30

நான் டயாலிசிஸ் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸ். இரவு ட்யூட்டி முடிந்து வந்து இதைப் படித்தேன். தூங்கிவிட்டு எழுதலாம் என்று நினைத்தேன், முடியவில்லை.

அக்கா, எங்கள் வார்டில் ஒரு எடை மெஷின் உண்டு. ஒவ்வொரு நோயாளியையும் டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் அதில் ஏற்றுவோம். நான்கு மணி நேரத்தில் இரண்டு கிலோ, சிலருக்கு மூன்று கிலோ குறையும். அது கொழுப்பு இல்லை. அத்தனையும் தண்ணீர். சிறுநீரகம் வேலை செய்யாததால் இரண்டு மூன்று நாளில் சேர்ந்த தண்ணீரை டயாலிசிஸ் மெஷின் வெளியே எடுக்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் போன பிறகு இருக்கும் எடையை நாங்கள் 'டிரை வெயிட்' என்போம். சார்ட்டில் அந்த எண்ணை வைத்துத்தான் ஒருவர் உண்மையில் மெலிகிறாரா, சதை போடுகிறாரா என்று டாக்டர் பார்ப்பார். ஏறி இறங்கும் மற்ற எண்கள் தண்ணீர்க் கணக்கு.

நல்ல சிறுநீரகம் உள்ள நமக்கு அந்த அளவுக்கு ஏறாது. ஆனால் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ ஏறி இறங்குவது சர்வசாதாரணம். உப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஏற்றும் சலைன் பாட்டில் 500 மில்லி, அதில் உப்பு 4.5 கிராம். நம் ரத்தத்தின் உப்புச் செறிவுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்றுதான் அந்த அளவு. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பந்தியில் அப்பளமும் ஊறுகாயும் வத்தக்குழம்புமாக வழக்கத்தைவிட ஒரு சின்ன ஸ்பூன் உப்பு கூடுதலாக உள்ளே போனால், சிறுநீரகம் அதை வெளியே தள்ளும்வரை உடம்பு அரை லிட்டர் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உங்கள் செருப்பு வார் தடம் அதுதான். பஸ்ஸில் மணிக்கணக்கில் காலைத் தொங்கவிட்டதும் சேர்ந்துகொண்டது.

அடுத்தது இரவுச் சோறு. நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியைக் கல்லீரலும் தசையும் கிளைக்கோஜனாகச் சேமிக்கும். ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்தே இருக்கும். திடீரென்று சோற்றைக் குறைத்தால் அந்தச் சேமிப்பு கரைந்து தண்ணீரும் போகும். முதல் வார 1.9-ல் ஒரு பங்கு இதுவாக இருக்கும். கல்யாணச் சாப்பாட்டில் அது மறுபடி கொஞ்சம் நிரம்பியிருக்கும். நிரம்புவது தப்பே இல்லை, உங்கள் தசைக்கு அது வேண்டும்.

இப்போது முக்கியமான கேள்வி. நீங்கள் ஆரம்பித்த திங்கட்கிழமை மாதவிலக்குக்கு எத்தனை நாள் முன்னால்? வீட்டுக் காலண்டரில் குறித்திருந்தால் பார்த்துச் சொல்லுங்கள்.

உறையூர்க்காரி | செவ்வாய், மதியம் 1.50

பார்த்தேன். ஆரம்பித்தது திங்கள், மாதவிலக்கு அந்தப் புதன்கிழமை. இரண்டு நாள் முன்னால்.

இரவுப்பணி | செவ்வாய், மாலை 5.20

நினைத்தேன்! பலருக்கு மாதவிலக்குக்கு முந்தைய சில நாட்களும் முதல் நாளும் உடம்பில் தண்ணீர் சேரும். அப்புறம் இரண்டு மூன்று நாளில் வடியும். நீங்கள் 78.4 பார்த்தது தண்ணீர் சேர்ந்திருந்த நாள். ஒரு வாரம் கழித்து 76.5 பார்த்தது வடிந்த நாள். இரண்டையும் ஒப்பிட்டுச் சந்தோஷப்பட்டீர்கள். நேற்று மறுபடி சேர்ந்திருந்த நாள். அதை வடிந்த நாளோடு ஒப்பிட்டு அழுதிருக்கிறீர்கள்.

77.2-ஐ எதோடு வைத்துப் பார்க்கவேண்டும்? 78.4-ஓடு. இரண்டுமே மாதவிலக்குக்கு இரண்டு நாள் முன்பு எடுத்தவை. 1.2 கிலோ குறைந்திருக்கிறீர்கள் அக்கா. கல்யாண உப்பும் தொடை வலியும் மிதியடியும் சேர்ந்த பிறகும் 1.2.

நாலாம்_மாடி | செவ்வாய், இரவு 9.00

இந்தத் தங்கை சொன்னதைப் படித்துவிட்டு என் பழைய நோட்டை எடுத்தேன். நான் 94 கிலோவில் ஆரம்பித்தேன், 81-க்கு வர 16 மாதம் ஆனது. நடுவில் வந்த இரண்டு வாரத்தை அப்படியே எழுதுகிறேன், திங்கள் முதல் ஞாயிறு வரை:

88.6, 88.1, 89.0, 88.3, 88.9, 88.0, 87.9
88.2, 88.7, 87.6, 88.3, 87.5, 87.9, 88.0

ஞாயிறு எண்களை மட்டும் பாருங்கள்: 87.9, அடுத்த வாரம் 88.0. நூறு கிராம் ஏறிவிட்டது! ஒரு வாரம் பட்டினியாக இருந்ததுபோல இருந்து ஏறிவிட்டதே என்று அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. ஆனால் ஏழு நாளையும் கூட்டி ஏழால் வகுத்தால் முதல் வாரம் 88.4, அடுத்த வாரம் 88.0. 400 கிராம் குறைந்திருக்கிறது. நான் அழுத அதே வாரத்தில்தான் நான் எதிர்பார்த்த வேகத்தில் குறைந்துகொண்டு இருந்திருக்கிறேன். அதை அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7700 கலோரி. இந்தக் கணக்கு 1958-ல் மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் பவுண்டுக்கு 3500 என்று எழுதியதிலிருந்து வந்தது. வருடக்கணக்கில் நீட்டிப் பார்த்தால் இது தப்பாகிவிடும், ஏனென்றால் உடம்பு இளைக்க இளைக்க அதன் செலவும் குறைகிறது. ஆனால் முதல் ஒன்றிரண்டு மாதத்துக்குத் தோராயமாகப் பயன்படும். நீங்கள் நடையிலும் சாப்பாட்டிலும் சேர்த்து ஒரு நாளைக்கு 330 கலோரி குறைத்திருந்தால், 28 நாளுக்கு 9240. அதை 7700-ஆல் வகுத்தால் 1.2 கிலோ. உங்கள் எண் அதேதான்.

தப்பு செய்கிறீர்களா என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்து ஒரே ஒரு தப்பு, அந்த மிதியடி. அதை எடுத்துவிடுங்கள். மெத்தென்ற எதன்மீது வைத்தாலும் மெஷின் சரியாகக் காட்டாது. சமமான கெட்டித் தரையில் வைத்து, எந்த டைல் என்று பென்சிலால் குறித்துக்கொண்டு, தினமும் அதே இடம். காலையில் கழிவறை போய் வந்த பிறகு, தண்ணீர்கூடக் குடிப்பதற்கு முன். இன்னொன்று: சில டிஜிட்டல் மெஷின்கள் பக்கத்தில் உள்ள எடை வந்தால் பழைய எண்ணையே திரும்பக் காட்டும். அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை ஏறி இறங்கிவிட்டு மறுபடி ஏறினால் உங்கள் மெஷின் அந்த ரகமா என்று தெரிந்துவிடும்.

சைக்கிள்_செயின் | செவ்வாய், இரவு 10.10

அக்கா, படியேறுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எனக்கு 26 வயது, கோயம்புத்தூர். ஜிம்மில் சேர்ந்து முதல் இரண்டு வாரத்தில் 1.3 கிலோ ஏறியது. பணத்தையும் கட்டிவிட்டு எடையும் ஏறுகிறதே என்று நிற்கப் பார்த்தேன். பழகாத வேலையைத் தசைக்குக் கொடுத்தால் அதில் நுண்ணிய சேதம் ஏற்படும், அதைச் சரிசெய்ய அந்த இடத்தில் நீர் கோக்கும் என்று பயிற்சியாளர் விளக்கினார். வலி போகப்போக அந்த எடையும் போனது. நான்கு மாடி ஏறுவது உங்கள் தொடைக்குப் புதிது. வலி இருக்கும்வரை அங்கே கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து படியேறுவதை நிறுத்திவிடாதீர்கள்.

தராசை_விட்டவள் | புதன், காலை 11.25

எல்லோரும் தினமும் எடை பார், சராசரி எடு என்கிறீர்கள். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது, சொல்லியே ஆகவேண்டும்.

நானும் தினமும் பார்த்தவள்தான். ஏறியிருந்தால் அன்று காலை டிபன் சாப்பிடமாட்டேன். மதியம் பசி தாங்காமல் இரண்டு மடங்கு சாப்பிடுவேன். அப்புறம் குற்ற உணர்ச்சி. பிள்ளைகள் மீது எரிந்து விழுவேன். ஒருநாள் காலையில் எட்டு வயது மகள் மெஷினில் ஏறி நின்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றே அதை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டேன்.

எனக்கு உதவியது துணிதான். நம் பிளவுஸில் தையல்காரர் உள்ளே துணி விட்டு இரண்டு மூன்று தையல் போட்டிருப்பார் இல்லையா? குண்டானால் ஒரு தையல் பிரிப்போம். நான் இரண்டு பிரித்திருந்தேன். ஆறு மாதத்தில் ஒன்றைத் திரும்பப் போட்டேன். அந்த ஆறு மாதத்தில் எத்தனை கிலோ குறைந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததால்தான் விடாமல் இருந்தேன்.

இரவுப்பணி | புதன், மதியம் 3.40

அக்கா, உங்கள் மகளைப் பற்றிப் படித்தபோது நெஞ்சு கனத்தது. நீங்கள் செய்தது சரி. எண்ணைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டை விடுவது, பிறகு அள்ளிச் சாப்பிடுவது என்று ஒருவருக்கு ஆரம்பித்துவிட்டால் எடை மெஷின் அவருக்கு மருந்து இல்லை. அது தானாக நிற்கவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தினமும் பார்ப்பது என்பது ஒற்றை எண்ணை நம்பாமல் இருப்பதற்கான வழி. ஏழு எண் இருந்தால் ஒவ்வொன்றின் கனமும் குறையும், சிலருக்கு. வேறு சிலருக்கு ஏழு நாளும் அடி விழுந்த மாதிரி இருக்கும். நீங்கள் எந்த ரகம் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இதே இழையில் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நர்ஸாக. எல்லா ஏற்றமும் சாதாரணத் தண்ணீர் என்று விட்டுவிடக் கூடாது. இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறி, காலில் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து, படுத்தால் மூச்சு முட்டினால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இதயமோ சிறுநீரகமோ காரணமாக இருக்கலாம். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் வேளைச் சாப்பாட்டைக் குறைக்கவே வேண்டாம், சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். மூன்று மாதம் ஒழுங்காக இருந்தும் சராசரி அசையவில்லை, கூடவே அசதி, மலச்சிக்கல், மாதவிலக்கு ஒழுங்கீனம் என்றால் தைராய்டு பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளும் எடையை ஏற்றும்.

பழைய_டைரி | புதன், இரவு 8.15

நான் 63 வயதுக்காரன், 19 வருடமாகச் சர்க்கரையோடு வாழ்கிறேன். இந்த மகள் எதற்காக ஆரம்பித்தாள் என்பதை நினைவுபடுத்தத்தான் வந்தேன். 65 கிலோ ஆவதற்காக இல்லை. சர்க்கரை வராமல் இருப்பதற்காக.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2006-ல் வெளியானது, இந்தியச் சர்க்கரை நோய்த் தடுப்புத் திட்டம் என்று பெயர். சர்க்கரையின் வாசலில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு உணவிலும் நடையிலும் மாற்றம் மட்டும், மாத்திரை கிடையாது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்குச் சர்க்கரை வருவது 28.5 சதவீதம் குறைந்தது. இதில் என்னை உட்கார வைத்த விஷயம் வேறு. அந்தப் பிரிவினரின் எடை பெரிதாகக் குறையவே இல்லை. எடை மெஷினில் ஒன்றும் தெரியாத நாட்களிலும் உள்ளே நல்லது நடந்திருக்கிறது.

எடை குறைவதால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதை இலக்காக வைத்தார்கள், அங்கே சர்க்கரை வருவது 58 சதவீதம் குறைந்தது. மகளே, உனக்கு 7 சதவீதம் என்றால் ஐந்தரைக் கிலோ. அதில் 1.2 முடிந்தது. 65 என்ற எண்ணை எங்கிருந்து பிடித்தாய் என்று தெரியவில்லை, அதை இப்போதைக்கு இறக்கி வை.

ஒரு தையல் டேப் வாங்கு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில், வயிற்றை உள்ளே இழுக்காமல் அள. நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்குப் பெண்கள் என்றால் 80 செ.மீ., ஆண்கள் என்றால் 90 செ.மீ. தாண்டக் கூடாது என்பார்கள். மாதம் ஒருமுறை போதும். நாம் பயப்படவேண்டிய கொழுப்பு வயிற்றுக்குள்தான் இருக்கிறது.

உறையூர்க்காரி | வியாழன், காலை 6.30

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று இரவு இதையெல்லாம் வீட்டுக்காரரையும் உட்காரவைத்துப் படித்தேன்.

எனக்குப் புரிந்ததை என் தொழில் பாஷையில் சொல்லட்டுமா? கடையை மூடும்போது கல்லாவில் உள்ள பணத்தை எண்ணுவேன். அது லாபம் இல்லை. அதில் வாடிக்கையாளர் கொடுத்த அட்வான்ஸ் இருக்கும், நாளை சரக்குக்காரருக்குக் கொடுக்கவேண்டியது இருக்கும். ஒருநாள் கல்லா நிரம்பியிருக்கும், மறுநாள் காலியாக இருக்கும். அதைப் பார்த்து லாபம் நஷ்டம் என்று நான் ஒருநாளும் எழுதியதில்லை, மாதக் கணக்கு முடித்துத்தான் எழுதுவேன். பதினேழு வருடமாக இதைச் செய்கிறேன். என் உடம்பு என்று வந்ததும் தினக் கல்லாவை லாபம் என்று நினைத்து அழுதிருக்கிறேன்.

மிதியடியை எடுத்துவிட்டேன். டேப் வைத்து அளந்தேன், 98 செ.மீ. பார்க்கக் கஷ்டமாக இருந்தாலும் எழுதிவைத்திருக்கிறேன்.

நாலாம்_மாடி | வியாழன், இரவு 9.40

சகோதரி, கல்லாக் கணக்கைப் படித்துவிட்டு என் மனைவியிடமும் காட்டினேன்.

தண்ணீர் தண்ணீர் என்று நாங்கள் சொன்னதில் ஒன்று விட்டுப்போகக் கூடாது. ஒரு மாதச் சராசரிக்கு அடுத்த மாதச் சராசரி குறையவே இல்லை என்றால் அது தண்ணீர் இல்லை, சாப்பாடு. எனக்கு ஆறாவது மாதத்தில் அப்படி நின்றது. நான் சரியாகத்தான் சாப்பிடுகிறேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிடிபட்டது எண்ணெயில். வீட்டில் நான்கு பேர், மாதம் ஐந்து லிட்டர். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிக்கு மேல், சுமார் 340 கலோரி. தோசைக்கல்லில் சுற்றி ஊற்றுவதும் பொரியலில் தாளிப்பதும் யார் கண்ணிலும் படுவதில்லை. டப்பாவிலிருந்து நேராக ஊற்றாமல் ஸ்பூனால் எடுக்க ஆரம்பித்தோம். இப்போது மூன்று லிட்டர். ஆளுக்கு 135 கலோரி குறைந்தது, யாருக்கும் பசிக்கவில்லை. உங்கள் வீட்டில் மாதம் எவ்வளவு வாங்குகிறீர்கள் என்று மளிகைச் சீட்டைப் பாருங்கள். கணக்கு எழுதுபவர்தானே, நிமிடத்தில் பிடித்துவிடுவீர்கள்.

உறையூர்க்காரி | ஐந்து வாரம் கழித்து, திங்கள், இரவு 10.05

மறுபடி வந்திருக்கிறேன்.

அன்று எழுதியதற்கு அடுத்த திங்கள், மாதவிலக்கின் ஆறாம் நாள், 75.4. முந்தைய மாதம் அதே ஆறாம் நாள் 76.5. ஒரு கிலோ 100 கிராம். இரவுப்பணித் தங்கை சொன்னதுபோலவே நடந்தது. அந்த ஒரு வாரத்தில் 77.2-லிருந்து 75.4 வந்ததைப் பார்த்து வீட்டில் எல்லோரும் குதித்தார்கள். நான் குதிக்கவில்லை. பாதி கல்லா என்று எனக்குத் தெரியும்.

இந்த மாதம் ஆறாம் நாள் 74.5. இடுப்பு 98-லிருந்து 94. எண்ணெய் மாதம் ஆறு லிட்டர் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறோம், ஐந்து பேருக்கு. நான்காகக் குறைத்திருக்கிறோம். மாமியார் முதலில் குழம்பில் ருசி இல்லை என்றார், இப்போது ஒன்றும் சொல்வதில்லை. நடுவில் ஒரு பத்து நாள் எடை அசையவே இல்லை, ஒரு நாள் 76.1 கூடக் காட்டியது. எழுதிவைத்துவிட்டு டீ போடப் போனேன்.

தராசை_விட்டவள் அக்காவுக்கு: நேற்று பச்சைப் பட்டுப் பிளவுஸில் பிரித்திருந்த தையலில் ஒன்றை நானே கையால் போட்டேன். ஊசி கோத்தபோது உங்களை நினைத்துக்கொண்டேன்.

ஹெச்.பி.ஏ.1.சி இன்னும் எடுக்கவில்லை. அது மூன்று மாத சராசரி என்பதால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அடுத்த மாதம் எடுக்கிறேன்.

தராசை_விட்டவள் | செவ்வாய், காலை 10.50

கண் கலங்கிவிட்டது தங்கச்சி. பட்டுக்குக் கையால் போட்டால் போதாது, மெஷின் தையல் போட்டுக்கொள்ளுங்கள், விசேஷத்தில் பிரிந்துவிடும்.

முதல்_பதிவு | சனி, இரவு 11.30

வணக்கம். இங்கே புதிது, பல நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கு 34 வயது, இரண்டாவது பிரசவம் முடிந்து ஒரு வருடம். இன்றோடு மூன்றாம் வாரம். முதல் வாரம் 1.4 குறைந்தது, இன்று காலை பார்த்தால் 900 கிராம் திரும்ப வந்துவிட்டது. எண்ணெய் இல்லை, இனிப்பு இல்லை, என்னதான் செய்வது என்று தெரியவில்லை. விட்டுவிடலாமா என்று இருக்கிறது.

உறையூர்க்காரி | சனி, இரவு 11.48

விட்டுவிடாதீர்கள் தங்கச்சி, தூங்கப் போவதற்குள் மூன்று விஷயம் மட்டும் சொல்லுங்கள். நேற்று எங்கே சாப்பிட்டீர்கள்? மாதவிலக்கு எந்தத் தேதி? எடை மெஷின் எந்தத் தரையில் இருக்கிறது?